55 பேர் 36 பேரான கதை



சென்ற வாரம் இடைவேளை நேரம் வகுப்பின் பின்வரிசையில் இரண்டு பிள்ளைகளுக்கு வாக்குவாதம். ஒருவன் தன் உம்மாவின் போனில் விளையாடும் துப்பாக்கி விளையாட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மற்றவன் ஒரே வார்த்தையில் அவனை அடக்கிவிட்டான். "அது ஒரிஜினல் இல்லடா. கம்பியூட்டர்ல வாறதுதான் ஒரிஜினல். நீ விளையாடுறது சுருக்கினது." பிறகு இருவரும் தீர்ப்புக் கேட்டு எங்களிடம் வந்தார்கள். "சேர், சுருக்கினது எண்டா டூப்ளிகேட்தானே?"

மணி அடித்துவிட்டது. பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் போன் வைத்திருந்த பிள்ளையின் முகம்தான் நினைவில் நின்றது. தன்னிடம் இருப்பது இரண்டாந்தரம் என்று ஒரு நொடியில் ஏற்றுக்கொண்ட முகம். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறோம்.

90களில் சிறுவர்களாக இருந்தவர்களுக்கு டீவி கேம் ஞாபகம் இருக்கும். கேசட்டைத் தட்டி, ஊதி, திரும்பச் செருகி விளையாடுவோம். மேலே வரிசையாக நிற்கும் விண்வெளிப் பூச்சிகளைக் கீழிருந்து சுடும் விளையாட்டு அநேகமாக எல்லாக் கேசட்டிலும் இருக்கும். அது முதலில் கடைகளில் காசு போட்டு விளையாடும் பெரிய மெஷினுக்காகச் செய்யப்பட்டது என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் மூலத்தைக் கண்டதே இல்லை. சுருக்கியதையே மூலம் என்று நினைத்து மகிழ்ந்தோம்.

அந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது "ஸ்பேஸ் இன்வேடர்ஸ்". அது கடை மெஷினிலிருந்து வீட்டு டீவிக்கு எப்படி வந்தது, வரும்போது எதை இழந்தது, எதைப் பெற்றது என்பதுதான் இந்தக் கதை.

01. கடையில் நின்ற மெஷின்

1978ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஜப்பானின் டைட்டோ கம்பனி ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மெஷினை வெளியிட்டது. அதைச் செய்தவர் டொமொஹிரோ நிஷிகாடோ. விளையாட்டின் திட்டம், படங்கள், புரோகிராம், மெஷினின் மின்சுற்று என்று பெரும்பாலானவற்றைத் தனியொருவராகவே செய்தார். அதற்குத் தேவையான கருவிகளைக்கூடத் தானே உருவாக்கிக்கொண்டார். ஏறத்தாழ ஒரு வருட உழைப்பு.

இங்கே ஒரு சுவையான விடயம். நிஷிகாடோ 1975இல் "வெஸ்டர்ன் கன்" என்று ஒரு விளையாட்டைச் செய்திருந்தார். அதன் உரிமையை வாங்கிய அமெரிக்காவின் மிட்வே கம்பனி, அதை அப்படியே விற்காமல் இன்டெல் 8080 என்ற மைக்ரோபுரோசசரை வைத்துத் திருப்பிச் செய்து, "கன் ஃபைட்" என்று பெயரிட்டு விற்றது. அந்த அமெரிக்கப் பதிப்பைப் பார்த்த பிறகே, இனித் தானும் மைக்ரோபுரோசசரைப் பயன்படுத்த வேண்டும் என்று நிஷிகாடோ முடிவெடுத்தார். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மெஷினின் உள்ளே இருந்ததும் அதே 8080தான். அதாவது, நாம் "ஒரிஜினல்" என்று சொல்லும் இந்த விளையாட்டுக்கு வழிகாட்டியதே இன்னொரு விளையாட்டின் மறுபதிப்புத்தான்.

இன்னுமொன்றையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்வது நல்லது. எதிரிகளாக எதை வைப்பது என்று நிஷிகாடோ பலவற்றை முயன்றுபார்த்தார். மனித உருவத்தை அசைப்பது இலகுவாக இருந்தது. ஆனால் மனிதர்களைச் சுடுவது சரியல்ல என்று அந்த யோசனை கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாகத்தான் கணவாய், நண்டு, ஒக்டோபஸ் போன்ற உருவங்கள் வந்தன.

திரையில் 5 வரிசை. ஒவ்வொன்றிலும் 11 பேர். மொத்தம் 55 பேர். கீழே நமது பீரங்கி ஒன்று. அதற்கு முன்னால் 4 தடுப்புகள். எதிரிகள் பக்கவாட்டில் நகர்ந்து, ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்கி, மறுபக்கம் திரும்புவார்கள். அவர்கள் தரைக்கு வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. விளையாட்டு அவ்வளவுதான்.

ஜப்பானில் வேறு எந்த மெஷினும் இல்லாமல் இதை மட்டுமே வரிசையாக வைத்த கடைகள் திறக்கப்பட்டன. "இன்வேடர் ஹவுஸ்" என்றே அவற்றை அழைத்தார்கள். இந்த விளையாட்டால் ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்ற கதையையும் பல இடங்களில் வாசித்திருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. மெஷினில் விழும் காசு எப்படியும் வங்கிக்குப் போய் மீண்டும் புழக்கத்துக்குத்தான் வரும். ஆகவே அந்தக் கதையை நாங்கள் இங்கே சரித்திரமாகச் சொல்லப்போவதில்லை.

02. அந்த வேகம் எங்கிருந்து வந்தது?

விளையாடியவர்களுக்குத் தெரியும். தொடக்கத்தில் எதிரிகள் ஆறுதலாக நகர்வார்கள். சுடச் சுட வேகம் கூடும். கடைசியாக மிஞ்சும் ஒருவன் திரையில் பறப்பான். அவனை விழுத்துவதற்குள் கை வியர்த்துவிடும்.

இந்த வேகம் முதலில் திட்டமிட்டு வைத்தது அல்ல. அன்றைய புரோசசரால் 55 பேரையும் ஒரே நேரத்தில் நகர்த்த முடியவில்லை. ஒரு செக்கனில் 60 தடவை மாறும் திரையில், ஒவ்வொரு தடவையும் ஒரேயொருவனை மட்டும் நகர்த்தியது. 55 பேரும் ஒரு அடி வைத்து முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு செக்கன் எடுக்கும். 10 பேர்தான் மிச்சம் என்றால் ஒரு செக்கனின் ஆறில் ஒரு பங்கு போதும். ஒருவன்தான் மிச்சம் என்றால் ஒவ்வொரு தடவையும் அவனுடைய முறைதான்.

மெஷினின் பலவீனத்தால் வந்த இந்த வேகத்தை நிஷிகாடோ கவனித்தார். விளையாட்டு இதனால் சுவையாகிறது என்று கண்டு, திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். கூடவே நான்கு தாழ்ந்த சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும். எதிரிகள் வேகமெடுக்க அந்த ஒலியும் வேகமெடுக்கும், இதயத் துடிப்பைப் போல.

இந்த விளையாட்டின் உயிர் இதுதான் என்பது எங்கள் கருத்து. 55 என்ற எண்ணிக்கையோ பூச்சியின் வடிவமோ அல்ல. நீங்கள் வெல்ல வெல்ல நெருக்கடி கூடுகிறது என்பதே உயிர். இதை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

03. வீட்டுப் பெட்டியின் ஏழ்மை

அமெரிக்காவின் அட்டாரி கம்பனி 1977இல் ஒரு வீட்டு விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அப்போது அதன் பெயர் விசிஎஸ். பிற்காலத்தில் அட்டாரி 2600 என்று அழைக்கப்பட்டது. டீவியோடு இணைத்து, கேசட்டைச் செருகி, ஜொய்ஸ்டிக்கால் விளையாடுவது.

அந்தப் பெட்டியின் நினைவகம் 128 பைட் மட்டுமே. நாம் அனுப்பும் ஒரு சாதாரண எஸ்எம்எஸ்ஸின் அளவு 140 பைட். ஒரு எஸ்எம்எஸ் கொள்ளாத இடத்தில், யார் உயிரோடு இருக்கிறார், பீரங்கி எங்கே நிற்கிறது, புள்ளி எத்தனை என்று முழு விளையாட்டையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

கடை மெஷினில் திரைப்படத்துக்கென்று மட்டும் 7,168 பைட் ஒதுக்கப்பட்டிருந்தது. திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஓர் இடம் இருந்தது. தடுப்பில் குண்டு பட்டால், பட்ட இடத்துப் புள்ளிகளை அழித்தால் போதும், தடுப்பு கரையத் தொடங்கும். அட்டாரியிலோ திரைக்கென்று நினைவகமே கிடையாது. டீவி ஒவ்வொரு கோடாக மேலிருந்து கீழே வரையும்போது, அந்தக் கோட்டில் என்ன வர வேண்டும் என்று புரோகிராம் அந்தந்த நேரத்திலேயே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கோட்டுக்குப் புரோசசரின் 76 துடிப்புகள்தான் கிடைக்கும். கரும்பலகையில் முழுப் பாடத்தையும் எழுதிவைத்துப் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர், கரும்பலகையே இல்லாமல் ஒவ்வொரு வரியாக வாயால் சொல்லியே படிப்பிக்கும் ஆசிரியர் இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடையும் இருந்தது. அந்தப் பெட்டி "பொங்" என்ற பந்து விளையாட்டையும் "டேங்க்" என்ற யுத்த வண்டி விளையாட்டையும் மனதில் வைத்து உருவாக்கப்பட்டது. அதனால் நகரும் பொருட்களாக அதன் சிப் தந்தவை இரண்டு ஆட்டக்காரர், இரண்டு குண்டு, ஒரு பந்து, அவ்வளவே. இரண்டு உருவங்களுக்குச் செய்த பெட்டியில் 55 பேரை நிறுத்துவது எப்படி?

04. எதை விட்டார், எதை விடவில்லை

அட்டாரி, டைட்டோவிடமிருந்து முறைப்படி உரிமை வாங்கி, 1980இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்தது. இன்னொரு கம்பனியின் கடை விளையாட்டை உரிமை பெற்று வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்த முதல் சந்தர்ப்பம் அதுதான். புரோகிராமை எழுதியவர் ரிக் மௌரர். அவர் அதற்கு முன் ஃபேர்சைல்ட் கம்பனியில் வேறொரு வீட்டு விளையாட்டுப் பெட்டிக்கு வேலை செய்தவர்.

அந்த சிப்பில் ஒரு வசதி இருந்தது. ஓர் உருவத்தை ஒரே கோட்டில் மூன்று பிரதிகளாகக் காட்டலாம். இரண்டு உருவத்துக்கும் மும்மூன்று பிரதி என்றால் ஆறு. அந்த ஆறையும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினால் ஒரு வரிசை கிடைத்துவிடும். டீவி அடுத்த வரிசைக்கு வந்ததும் அதே உருவங்களை வேறு வடிவத்தில் திரும்ப வரையலாம். இப்படித்தான் 11 பேர் நின்ற வரிசையில் 6 பேர் நின்றார்கள். ஆனால் 5 வரிசைக்குப் பதில் 6 வரிசை. ஆறு ஆறாக 36 பேர்.

விட்டவற்றைப் பார்ப்போம். எதிரிகளில் 19 பேர் குறைந்தார்கள். தடுப்பு 4 இலிருந்து 3 ஆனது. கடை மெஷினில் எதிரிகள் ஒருவர் பின் ஒருவராக நகர்வதால் படை முழுவதும் நெளிந்து நெளிந்து செல்வது போலத் தெரியும். வீட்டில் ஒரு வரிசை முழுவதும் ஒரே அடியாக நகர்ந்தது. கடையில் திரை நெட்டையாக நிற்கும், எதிரிகள் வெகு உயரத்திலிருந்து இறங்கி வருவார்கள். வீட்டு டீவி அகலமானது, அந்த உயரம் அதில் இல்லை. உருவங்களும் அவ்வளவு நுணுக்கமானவை அல்ல. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும்.

விடாதது எது? சுடச் சுட வேகம் கூட வேண்டும் என்பதை விடவில்லை. இதில்தான் மௌரரின் வேலை தெரிகிறது. கடை மெஷினில் அந்த வேகம் தானாக வந்தது. வீட்டுப் பெட்டி எத்தனை பேர் நின்றாலும் எல்லோரையும் ஒவ்வொரு தடவையும் வரைந்துதான் ஆக வேண்டும். அங்கே வேகம் தானாக வராது. தெரிந்துகொண்டே, கணக்குப் போட்டு உள்ளே வைக்க வேண்டும். மூலத்தை வெறுமனே பிரதி பண்ணுபவருக்கு 55 என்ற எண்தான் கண்ணில் படும். மூலத்தை விளங்கிக்கொண்டவருக்கு அந்த வேகம்தான் கண்ணில் படும். துடிப்பைப் போன்ற அந்த ஒலியும் கூடவே வந்தது.

05. வீட்டுக்கு வந்ததும் கிடைத்தவை

கடை மெஷின் ஒரு வியாபாரம். ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்தால்தான் அடுத்த காசு விழும். வீட்டில் அப்படியல்ல. கேசட்டுக்கு ஒரு தடவை காசு கொடுத்தாயிற்று. அது மாதக்கணக்கில் சலிக்காமல் இருக்க வேண்டும்.

இதை உணர்ந்து அந்த ஒரு கேசட்டுக்குள் 112 வகை ஆட்டங்களை வைத்தார்கள். தடுப்புகள் இடம் மாறும் ஆட்டம், குண்டுகள் நெளிந்து விழும் ஆட்டம், குண்டுகள் வேகமாக விழும் ஆட்டம், எதிரிகளே கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் என்று அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது, இருவர் ஒன்றாக விளையாடும் வசதி. கடை மெஷினில் இருவர் விளையாடினால் ஒருவர் முடிய மற்றவர்தான். வீட்டிலோ நானாவும் தம்பியும் ஒரே நேரத்தில், ஒரே திரையில் போட்டியாகவோ கூட்டாகவோ விளையாடலாம்.

சின்னவர்களையும் பெரியவர்களையும் சமப்படுத்தப் பெட்டியில் ஒரு சுவிட்சும் இருந்தது. அதைத் தட்டினால் ஒருவருடைய பீரங்கி மட்டும் அகலமாகிவிடும். அகலமான பீரங்கியில் குண்டு இலகுவாகப் படும், ஆகவே கெட்டிக்காரருக்கு அது. ரீசெட் சுவிட்சை அழுத்திக்கொண்டே பவரைப் போட்டால் ஒரே நேரத்தில் இரண்டு குண்டு சுடலாம் என்ற இரகசியமும் பிள்ளைகளிடையே பரவியது.

நிறத்திலும் ஒரு வேடிக்கை. கடை மெஷினின் திரை கறுப்பு வெள்ளை. அதன் மேல் நிறத் தாள் ஒட்டித்தான் பச்சையும் சிவப்பும் காட்டினார்கள். வீட்டுப் பதிப்பிலோ நிறங்கள் உண்மையாகவே திரையில் வந்தன. இந்த ஒன்றில் ஏழை வீடு கடையை முந்திவிட்டது.

முதல் வருடத்திலேயே 20 இலட்சத்துக்கு மேல் கேசட்டுகள் விற்றன. இந்த ஒரு விளையாட்டுக்காகவே பெட்டியை வாங்கியவர்கள் ஏராளம். அட்டாரி பெட்டியின் விற்பனை நான்கு மடங்கானது. அதே 1980இல் அட்டாரி அமெரிக்கா முழுவதும் நடத்திய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போட்டியில் 10,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அந்தப் போட்டி நடந்தது கடை மெஷினில் அல்ல, வீட்டுப் பதிப்பில்.

06. மறுபக்கம்

இதை வாசித்துவிட்டு, சுருக்கியது எல்லாமே நல்லது என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. அதே பெட்டிக்கு 1982இல் "பெக்மேன்" வந்தது. அதுவும் கடைகளில் பெரும் பெயர் எடுத்த விளையாட்டு. வீட்டுப் பதிப்பும் 70 இலட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் வாங்கியவர்களில் பலர் ஏமாந்தார்கள். வழிகளின் அமைப்பு வேறு, நிறம் வேறு, சத்தம் வேறு. நான்கு பேய்களையும் ஒன்றாகக் காட்டாமல் முறைவைத்து மாறி மாறிக் காட்டியதால் அவை சதா மினுங்கிக்கொண்டே இருந்தன.

எழுதிய டொட் ஃபிரை திறமை இல்லாதவர் அல்ல. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் வரிசையாக நின்றார்கள், அது அந்த சிப்பின் பிரதி வசதிக்குப் பொருந்தியது. பெக்மேனில் பேய்கள் நாலாபக்கமும் அலைந்தன, அது பொருந்தவில்லை. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. பெட்டி ஒன்றுதான், ஏழ்மையும் ஒன்றுதான். ஒன்றில் மூலத்தின் உயிர் வந்து சேர்ந்தது, மற்றதில் பெரும்பாலும் பெயர்தான் வந்து சேர்ந்தது.

இன்னொரு நியாயத்தையும் சொல்லாமல் போக முடியாது. மௌரரின் பெயர் அந்தக் கேசட்டின் பெட்டியில் இல்லை. அன்று அட்டாரி புரோகிராம் எழுதியவர்களின் பெயரைப் போடுவதில்லை, விற்பனையில் பங்கும் கொடுப்பதில்லை. இதனால் மனம் நொந்த நான்கு பேர் 1979இல் வெளியேறி, வெளியிலிருந்து வந்த ஒருவரோடு சேர்ந்து அக்டிவிஷன் கம்பனியைத் தொடங்கினார்கள். அவர்கள் தங்கள் கேசட்டுகளில் செய்தவரின் பெயரைப் போட்டார்கள். இரண்டாம் பதிப்பைச் செய்வதும் ஓர் உழைப்புத்தான், அதற்கும் ஒரு பெயர் உண்டு என்பதைத் தொழில் உலகம் அப்படித்தான் கற்றுக்கொண்டது.

07. பின்வரிசைப் பிள்ளைக்கு

மகனே, நீ கேட்ட கேள்விக்கு வருவோம். சுருக்கியது என்றால் டூப்ளிகேட்டா?

அதைச் சுருக்கியவர் மூலத்தை விளங்கித்தான் சுருக்கினாரா என்று முதலில் பார். விளங்கிச் சுருக்கியிருந்தால் அது டூப்ளிகேட் அல்ல. அந்தச் சின்ன இடத்துக்கு அதுதான் ஒரிஜினல். விளங்காமல் பெயரை மட்டும் தூக்கி வந்திருந்தால், எத்தனை இலட்சம் விற்றாலும் அது ஏமாற்றுத்தான். உன் கையில் இருப்பது உம்மாவின் போன் என்பதற்காக நீ தலை குனிய வேண்டியதில்லை.

இனி எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்ள வேண்டியது. கலாசாலையில் பாடத்திட்டத்தைப் படித்துவிட்டுப் பாடசாலைக்கு வந்த முதல் தவணையிலேயே நாங்களும் சுருக்கத் தொடங்கிவிட்டோம். ஆய்வுகூடம் இல்லை, புரொஜெக்டர் இல்லை, நேரம் இல்லை. ஆகவே இது வேண்டாம், அது வேண்டாம் என்று வெட்டினோம். எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் இது தவிர்க்க முடியாதது. ஆனால் வெட்டும்போது எதை வெட்டுகிறோம் என்று பார்த்தோமா? பல நேரம் பரிசோதனையை வெட்டிவிட்டு வரைவிலக்கணத்தை வைத்துக்கொண்டோம். பிள்ளையின் கேள்வியை வெட்டிவிட்டுக் குறிப்பை வைத்துக்கொண்டோம். அதாவது 55 பேரையும் அப்படியே நிறுத்திவிட்டு வேகத்தை விட்டுவிட்டோம். அது பெக்மேன் வேலை. வளம் இல்லை என்பது உண்மை. ஆனால் 128 பைட்டுக்குள் ஒருவர் செய்து காட்டியதை நினைக்கும்போது, வளம் இல்லை என்று மட்டும் சொல்லித் தப்பிக்க எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

நாளை அந்த இரண்டு பிள்ளைகளையும் அழைத்து, கரும்பலகையில் முதலில் 11 புள்ளிகளையும் பிறகு 6 புள்ளிகளையும் வரைந்து, "இதில் எது குறைந்தது, எது குறையவில்லை?" என்று கேட்கப்போகிறோம். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று இன் ஷா அல்லாஹ் இங்கேயே எழுதுகிறோம்.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்து டீவி கேம் இன்னும் இருந்தால் சொல்லுங்கள். வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நாளைக்கு வகுப்பில் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

வஸ்ஸலாம்.